குறைந்த செலவில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுவது: வேலூர், வட ஆற்காட்டுப் பகுதி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு நிலையான வீடு கிடையாது. ஓர் ஊரில் மூன்று வாரம், அடுத்த ஊரில் ஒரு மாதம் என்று தங்கித் தங்கிப் போகிற வாழ்க்கையைச் சில ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். பிறந்தது குடியாத்தம் என்பதால், எங்கே போனாலும் ஆண்டில் சில மாதங்கள் வேலூர் வட்டாரத்துக்கு வந்துவிடுவேன். கல்லூரி முடித்த பிள்ளைகள், பணி ஓய்வு பெற்றவர்கள், தனியே கிளம்ப நினைக்கும் பெண்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வட ஆற்காடு என்று நான் சொல்வது பழைய மாவட்டத்தை. 1989இல் திருவண்ணாமலை தனியாகப் பிரிந்தது. 2019இல் எஞ்சிய பகுதி வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு இந்த நான்கும் இன்றும் ஒரே வட்டாரம்தான்.

மாதம் எவ்வளவு செலவாகும்?

நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை ஒரு நாளைக்கு 500 ரூபாய். அதாவது மாதத்துக்கு 15,000. இதில் ஏறக்குறைய பாதி படுக்கும் இடத்துக்குப் போகிறது. மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டுக்கு. மீதியில் பேருந்து, கைப்பேசி, சோப்பு, மாத்திரை எல்லாம் அடங்கவேண்டும். இரண்டு பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு இன்னும் குறையும்.

ஆனால் இந்த எண்ணை விட முக்கியமானது வேகம். ஊர் மாறும் நாளில்தான் காசு கரைகிறது. பேருந்துக் கட்டணம் சிறியது, அதை ஒட்டி வரும் செலவுகள் பெரியவை. களைப்பில் கண்ணில் பட்ட ஓட்டலில் சாப்பிடுவோம். இருட்டிவிட்டதே என்று முதலில் கிடைத்த அறையைச் சொன்ன விலைக்கு எடுப்போம். வழி தெரியாமல் ஆட்டோ பிடிப்போம். எந்த மெஸ்ஸில் சாப்பாடு நன்றாக இருக்கிறது, எந்தக் கடையில் இரண்டே இரண்டு தக்காளி கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருவார்கள் என்பதெல்லாம் மூன்றாம் நாள்தான் தெரிய வரும். அது தெரிந்த உடனே கிளம்பிவிட்டால் ஊருக்கு ஊர் புதியவர் விலையையே கொடுத்துக்கொண்டிருப்போம். ஆகவே மலிவாக வாழ விரும்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, மெதுவாகப் போங்கள் என்பதுதான். ஓர் ஊருக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

வேலூர் சுற்றுலாத் தலம் கூட இல்லையே, அங்கே ஏன் தங்க வேண்டும்?

சுற்றுலாத் தலமாக இல்லாததுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் சி.எம்.சி. மருத்துவமனை. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் அங்கே வருகின்றன. வந்தவர்கள் ஒரு நாளில் திரும்புவதில்லை. பரிசோதனை, காத்திருப்பு, அறுவைச் சிகிச்சை, மறுபரிசோதனை என்று வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். பெரும்பாலானோர் நிலத்தையோ நகையையோ விற்றோ அடகு வைத்தோ வந்தவர்கள்.

அவர்களுக்காக அந்த மருத்துவமனையைச் சுற்றி ஓர் ஊரே உருவாகியிருக்கிறது. வார வாடகைக்கு அறை. அறையிலேயே சமைத்துக்கொள்ள வசதி. வாடகைக்குப் பாத்திரம், அடுப்பு. நூறு கிராம் பருப்பு, கால் கிலோ அரிசி என்று அளந்து தரும் கடைகள். பெயர்ப் பலகைகளில் வங்க எழுத்து. கடுகெண்ணெயில் சமைத்த மீன் குழம்பும் சோறும் போடும் சிறு ஓட்டல்கள். குறைந்த பணத்தில் நீண்ட நாள் தங்குவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரே இடத்தில் இருக்கும் இன்னொரு ஊரைத் தமிழ்நாட்டில் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது காரணம் போக்குவரத்து. காட்பாடி சந்திப்பில் இறங்கினால் சென்னை, பெங்களூரு, திருப்பதி, திருவண்ணாமலை என நான்கு திசைக்கும் ரயில் இருக்கிறது.

அந்த லாட்ஜ்களில் நோயாளி அல்லாதவர் தங்கலாமா?

தடை ஒன்றும் இல்லை. ஆனாலும் யோசியுங்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு போன்ற மருத்துவமனைக்கு எதிரே உள்ள இடங்களில் நீங்கள் எடுக்கும் அறை, நடக்க முடியாத ஒருவருக்குக் கிடைக்காமல் போகும் அறையாக இருக்கலாம். அந்த மக்களின் தேவையால்தான் வாடகை இவ்வளவு குறைவாக இருக்கிறது. அவர்களையே தள்ளிவிட்டு நாம் உள்ளே போவது முறையல்ல. நான் அந்தத் தெருக்களில் அறை எடுப்பதில்லை. சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று சற்றுத் தள்ளிப் போவேன். 1, 2 எண் நகரப் பேருந்துகள் பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் இடையே ஓடிக்கொண்டே இருப்பதால் தூரம் ஒரு தடையல்ல. குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு போன்ற ஊர்களில் வாடகை இன்னும் குறைவு. காட்பாடியில் பொறியியல் பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர்களுக்கான தனியார் விடுதிகள் நிறைய உண்டு. கோடை விடுமுறையில் அவற்றில் இடம் காலியாகும், மாத வாடகைக்கும் பேசலாம்.

அறை பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கோடையென்றால் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையை எடுக்காதீர்கள். வாடகை நூறு ரூபாய் குறைவாக இருந்தாலும் வேண்டாம். வேலூர் வெயிலில் கூரைத் தளம் இரவு முழுவதும் சூட்டைக் கீழே இறக்கும், தூக்கம் போய்விடும், தூக்கம் போனால் உடம்பு போய்விடும். தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, குடிநீர் எங்கே பிடிப்பது, சமைக்க அனுமதி உண்டா, கதவுக்கு நம்முடைய பூட்டைப் போட்டுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஜன்னலைத் திறந்து பாருங்கள்.

வாடகை பேசும்போது நாள் கணக்கில் பேசாதீர்கள். "அண்ணா, பதினைந்து நாள் இருப்பேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்று சொன்னால் அவராகவே குறைப்பார். அதற்கு மேல் அடித்துப் பேசுவதை நான் விரும்புவதில்லை. கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ஆதார் நகல் கேட்டால் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுத்துப் பாருங்கள். முழு நகல்தான் வேண்டுமென்றால், அதன் குறுக்கே தேதியையும் எதற்காகத் தருகிறீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

முற்றிலும் இலவசமாகத் தங்க முடியுமா?

சில இடங்களில் முடியும், சில நாட்களுக்கு மட்டும்.

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்குவதற்குக் கட்டணம் என்று எதுவும் கேட்பதில்லை. ஆனால் முன்கூட்டியே எழுதி இடம் உறுதி செய்துகொண்டுதான் போகவேண்டும். 1896இல் இளைஞராக அந்த மலைக்கு வந்து, 1950இல் மறையும் வரை அங்கேயே இருந்த ரமணரை நாடி வருகிறவர்களுக்கான இடம் அது. தியானத்திலோ பாராயணத்திலோ நாட்டமில்லாமல் அறை வாடகை மிச்சம் என்று மட்டும் நினைத்துப் போகாதீர்கள்.

திருமலையில் யாத்திரிகர்களுக்கான இலவசக் கூடங்களும் பொருள் வைக்கப் பெட்டகங்களும் உண்டு. காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்கு ரயில் போகிறது. 1911 வரை சித்தூரும் வட ஆற்காட்டைச் சேர்ந்ததுதான், மாவட்டத்தின் தலைமையிடமே அதுதான்.

பின்னிரவு ரயிலுக்குக் காத்திருப்பவர் டிக்கெட்டோடு காட்பாடி நிலையத்தின் காத்திருப்பு அறையில் இருக்கலாம். பேருந்து நிலையத்தில் படுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காகத் தூக்கத்தையும் பையையும் இழக்கவேண்டி வரும்.

சாப்பாட்டுச் செலவை எப்படிக் குறைப்பது?

காலையில் அம்மா உணவகம். 2013இல் சென்னையில் தொடங்கி மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்த திட்டம் இது. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய், மதியம் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். அது முதலில் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கானது. அவர்கள் ஏழு மணிக்குள் சாப்பிட்டு வேலைக்கு ஓடவேண்டும். நமக்கு அவசரமில்லை, கூட்டம் தணிந்த பிறகு போகலாம்.

வெயில் காலத்தில் கேழ்வரகுக் கூழைப் போல வயிற்றையும் பையையும் காப்பாற்றும் உணவு வேறில்லை. சாலையோரத் தள்ளுவண்டிகளில் மோர் கலந்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். ஒரு சொம்பு குடித்தால் மாலை வரை பசி எடுக்காது. கிராமத்துப் பக்கம் போனால் களி. கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும், அல்லது களியும் வேர்க்கடலைச் சட்டினியும் இந்த மண்ணின் அன்றாடச் சாப்பாடு. யார் வீட்டிலாவது உட்காரச் சொல்லித் தட்டில் களி வைத்தால் மறுக்காதீர்கள். மெல்லாமல் விழுங்கவேண்டும் என்று அந்த வீட்டுப் பாட்டியே சொல்லித் தருவார்.

ஆம்பூருக்குப் போய் பிரியாணி சாப்பிடாமல் வருவது சிக்கனம் அல்ல, வீண் பிடிவாதம். சீரகச் சம்பா அரிசி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி. காசு குறைவென்றால் குஸ்கா கேளுங்கள், கறி இல்லாத அதே பிரியாணிச் சோறு பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாமே நல்ல ஊர்கள். ஆட்டுக்கறி பிரியாணியை விட விலை மிகக் குறைவு, சத்தும் நிறைவும் அதிகம். ரம்ஜான் மாதத்தில் இந்த ஊர்களின் பள்ளிவாசல்களில் மாலை நேரம் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். தூக்குப் பாத்திரத்தோடு வருகிறவர்களை மதம் கேட்டுத் திருப்பி அனுப்பியதை நான் கண்டதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தங்குவதென்றால் சமைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் மலிவு. ஒரு சிறு மின்சார அடுப்பு, ஒரு பாத்திரம், ஒரு கத்தி போதும். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடியில் விளையும் முள் கத்திரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சந்தையில் அது கண்ணில் பட்டால் வாங்கி, புளி விட்டு ஒரு குழம்பு வையுங்கள். இரண்டு வேளைக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

வசதி இருந்தும் அன்னதானத்தில் சாப்பிடுவது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஸ்ரீபுரம் பொற்கோயிலில் அன்னதானம் உண்டு. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் நாள் முழுவதும் சோறு போடுகிறார்கள். இந்து சமய அறநிலையத் துறையின் மதிய அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கியது. பந்தியில் உட்கார்ந்தவரிடம் நீ யார், உன்னிடம் காசு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி இல்லாததுதான் அன்னதானத்தின் பெருமை. ஆகவே தரிசனத்துக்குப் போன இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில் தவறில்லை.

ஆனால் அதையே மாதச் செலவுத் திட்டமாக்கிக்கொள்வது வேறு. மாதக் கணக்கில் ஒரு கோயிலின் சோற்றை உண்பவர், அந்தக் கோயிலுக்கு ஏதாவது திருப்பித் தரவேண்டும். உண்டியலில் போடுங்கள். முடியாவிட்டால் பரிமாற நில்லுங்கள், காய் நறுக்குங்கள், இலை எடுங்கள். பௌர்ணமி நாட்களில் கிரிவலப் பாதையில் எத்தனையோ பேர் உணவு தருகிறார்கள், ஆள் போதாமல் தவிக்கிறார்கள். ஒரு மணி நேரம் கை கொடுத்தால் மகிழ்வார்கள். சாமியார்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் தனியாகக் கொடுக்கும் வரிசையில் மட்டும் போய் நிற்காதீர்கள்.

பேருந்தா, ரயிலா?

காட்பாடி–விழுப்புரம் பாதையில் போகும் சாதாரண ரயில் இருக்கும்போது ரயில். வேலூர் கன்டோன்மென்ட், கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை என்று வயல்களின் ஊடே போகும் அழகான பாதை. சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை வந்துகொண்டிருந்த ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள், கட்டணம் 50 ரூபாய். மாலையில் கிளம்பித் திருவண்ணாமலைக்கு நள்ளிரவில்தான் போய்ச் சேரும். ஊர் தெரியாதவர்களும் தனியாக வருகிற பெண்களும் காலை ரயில் ஒன்றில் காட்பாடி வந்து இறங்குவது நல்லது.

மற்ற எல்லா இடங்களுக்கும் பேருந்து. புறநகர்ச் சாதாரணப் பேருந்துக்கு 2018இல் நிர்ணயித்த கட்டணம் கிலோமீட்டருக்கு 58 காசு. விரைவுப் பேருந்துக்கு 75 காசு. நேரம் நம் கையில் இருக்கும்போது அந்த 17 காசை எதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? 2021 மே முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. தனியார் பேருந்துகளில் அந்தச் சலுகை கிடையாது, ஏறும் முன் பலகையைப் பாருங்கள்.

பெண் தனியாக இப்படி வாழ முடியுமா அக்கா?

முடியும், நான் வாழ்கிறேன். ஆனால் ஆண்களுக்கு ஆகும் செலவை விடக் கொஞ்சம் கூடுதலாக ஆகும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காகக் கொடுக்கும் பணத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இருட்டுவதற்கு முன் ஊர் போய்ச் சேருவேன். ஒதுக்குப்புறமான அறையை மலிவாகக் கிடைத்தாலும் எடுக்க மாட்டேன். குடும்பங்கள் தங்கும் லாட்ஜா என்று பார்ப்பேன். மருத்துவமனைக்கு வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் என்பதால் வேலூரில் இது எளிது. தனியாக வந்த பெண்ணை ஏற இறங்கப் பார்க்கும் பழக்கம் இங்கே குறைவு. வேலை நிமித்தம் வருகிறவர்களுக்கு அரசின் தோழி விடுதி வேலூரிலும் இருக்கிறது.

பக்கத்து அறை அம்மாவோடு முதல் நாளே பேசிவிடுங்கள். எந்த ஊர், யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவர் கேட்பார். நோயாளி யாரும் இல்லை, ஊர் பார்க்க வந்தேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். வியப்பார், பிறகு இரவில் கதவு தாழிட்டாயா என்று அவரே விசாரிப்பார். 181 பெண்களுக்கான உதவி எண், 112 அவசர எண், 139 ரயில்வே எண். மூன்றையும் கைப்பேசியில் சேர்த்து வையுங்கள். எந்த ஊரில், எந்த லாட்ஜில் இருக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் தங்கைக்குச் செய்தி அனுப்புகிறேன்.

பையில் என்ன எடுத்துக்கொள்வது?

முதுகில் மாட்டி இரண்டு கிலோமீட்டர் நடக்க முடிகிற எடை, அவ்வளவுதான். மூன்று செட் துணி, சொந்தப் பூட்டு, தூக்குப் பாத்திரம், தண்ணீர் பாட்டில், டார்ச், கொசுவலை. இவற்றோடு பழைய நூல் சேலை ஒன்று. அது போர்வை, விரிப்பு, ஜன்னல் திரை, வெயிலில் தலை மறைப்பு எல்லாமும் ஆகும். ஆண்கள் எங்கள் ஊர்க் கைலி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். குடியாத்தம் கைலி துவைக்கத் துவைக்க மென்மையாகும், வருடக்கணக்கில் உழைக்கும்.

எந்த மாதங்களில் வரலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்கழிக் காலையில் வேலூரில் சால்வை தேவைப்படும் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சுற்றிலும் பாறைக் குன்றுகள் என்பதால் மாலையிலும் அனல் அடங்காது. அந்த நாட்களில் பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை வெளியே போகாதீர்கள், மாவட்ட மைய நூலகத்தில் உட்காருங்கள். நாளிதழ், மின்விசிறி, அமைதி எல்லாம் அங்கே இலவசம். பெரும்பாலான நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோடையில் வர ஒரே ஒரு நல்ல காரணம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வைகாசி முதல் நாள் நடக்கும். அன்று ஊர் முழுக்க நீர்மோரும் சோறும் கொடுப்பார்கள்.

நவம்பரில் மழை. பாலாறு வறண்ட ஆறு என்ற எண்ணத்தில் அதன் மணலில் கூடாரம் அடிக்க நினைக்காதீர்கள். 2021 நவம்பரில் அதே ஆற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது. கார்த்திகை தீபத்தின்போதும் பௌர்ணமியின்போதும் திருவண்ணாமலையில் அறை வாடகை பல மடங்காகிவிடும். அமாவாசையை ஒட்டிப் போய்ப் பாருங்கள், அதே மலை, அதே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, கூட்டம் மட்டும் இல்லை.

ஏலகிரி போகலாமா, ஜவ்வாது மலை போகலாமா?

ஜவ்வாது. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் பேருந்துப் பயணம் அருமை. ஆனால் மேலே போனால் எல்லாம் சுற்றுலா விலை, வார இறுதியில் நெருங்க முடியாது. வார நாளில் காலையில் போய் மாலையில் இறங்கிவிடுங்கள். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் சிறிய ஊர், தங்கும் இடங்கள் குறைவு, ஆனால் சாமை அரிசி, புளி, தேன், பருவத்தில் பலாப்பழம் எல்லாம் விளைந்த இடத்திலேயே வாங்கலாம். மலைவாழ் மக்கள் சொல்லும் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். அந்த மலையில்தான் காவலூர் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், விசாரித்துக்கொண்டு போங்கள்.

காசு கொடுக்காமல் பார்க்க என்ன இருக்கிறது?

வேலூர்க் கோட்டைக்குள் நடந்து சுற்ற ஒரு காலைப்பொழுது போதாது. திப்புவின் குடும்பத்தை அடைத்து வைத்திருந்த கோட்டை அது. 1806 ஜூலை 10 விடியும் முன் சிப்பாய்கள் எழுந்து சண்டையிட்ட கோட்டையும் அதுவே. உள்ளே இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை, 1981இல்தான் லிங்கம் திரும்ப வந்தது. கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்க்க நான் ஒவ்வொரு முறையும் போகிறேன்.

வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம். அங்கே இறைவன் மார்க்கபந்தீசுவரர், வழித்துணைநாதர். மதில் அழகுக்குப் பெயர் பெற்ற கோயில். வள்ளிமலையில் பாறையில் வடித்த சமணச் சிற்பங்கள், அதற்குப் பக்கத்தில் மேல்பாடியில் சோழர் கோயில்கள். சோளிங்கருக்குப் போகும் வழியில் மகேந்திரவாடி, அங்கே ஒரே பாறையில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குடைவரை. இவற்றுக்கெல்லாம் நகரப் பேருந்தோ சிற்றுந்தோ போகிறது. காலையில் கிளம்பினால் கையில் ஒரு தூக்குத் தயிர் சாதம் போதும்.

உடம்பு சரியில்லாமல் போனால்?

சிறு காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையம். பெரியதென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆம்புலன்ஸுக்கு 108. வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு கலந்து குடித்துக்கொண்டே இருங்கள். தேக்கரண்டியைத் தலைதட்டி அளக்கவேண்டும். தெருநாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். அதன் எல்லாத் தவணைகளும் முடியும் வரை ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். மருத்துவக் காப்பீடு எடுக்காமல் இந்த வாழ்க்கைக்கு வராதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

வருமானத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன், சில மொழிபெயர்ப்பு வேலைகள் வருகின்றன. ஒரு மடிக்கணினியும் கைப்பேசி இணைப்பும் போதும். கையில் ஒரு தொழில் இல்லாமல், போகிற வழியில் ஏதாவது கிடைக்கும் என்று நம்பிக் கிளம்புகிறவர்களை நான் தடுக்கவே பார்ப்பேன். ஆறு மாதச் செலவு வங்கியில் இருக்கட்டும். அதைத் தவிர, வீட்டுக்குத் திரும்பும் பயணச் செலவு தனியாக, பணமாக, பையின் அடியில் இருக்கட்டும். யூ.பி.ஐ. எல்லாக் கடையிலும் இருக்கிறதே என்று மலைக்குக் காசில்லாமல் போகாதீர்கள், சிக்னல் இருக்காது.

வீட்டார் ஒப்புக்கொள்வார்களா?

முதலில் மாட்டார்கள். சண்டை போட்டுக் கிளம்பாதீர்கள். வங்கி, வாக்காளர் பட்டியல், காப்பீடு எல்லாவற்றுக்கும் ஒரு முகவரி தேவை, அது அவர்கள் வீட்டு முகவரிதான். பொங்கலுக்கும் ஆடிக்கும் போய் நில்லுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எந்த ஊரில் இருந்தாலும் அன்றிரவே பஸ் ஏறுங்கள். அதைப் பார்த்த பிறகு அவர்கள் கேட்பது குறையும்.

எப்படித் தொடங்குவது?

வேலையை விடாமல், வீட்டைக் காலி செய்யாமல் முதலில் பத்து நாள் வாருங்கள். பௌர்ணமி இல்லாத, திருவிழா இல்லாத ஒரு திங்கட்கிழமை காலை காட்பாடியில் இறங்குங்கள். பையை நிலையத்தின் பொருள் காப்பறையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு மூன்று நான்கு அறைகளைப் பாருங்கள். பையோடு போனால் முதல் அறையிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள். பத்து நாளும் ஒரே அறையில் இருங்கள். ஐந்து நாள் சமைத்துப் பாருங்கள், மூன்று நாள் வெளியூர் போய்த் திரும்புங்கள், இரண்டு நாள் எங்கேயும் போகாமல் அறையிலும் நூலகத்திலும் இருந்து பாருங்கள். அந்த இரண்டு நாளும் எப்படிக் கழிந்தன என்பதைச் செலவுக் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து அந்த நோட்டை எடுத்துப் படியுங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா விடுவதா என்று அதன் பிறகு முடிவு செய்யலாம்.